செவியும் சந்தையும்

கருவியினூடாக நாம் கேட்கும் இசை மூல இசையை எவ்வளவு ஒத்திருக்கிறது என்ற வினா இன்று நேற்று எழுந்ததன்று. இசையைத் தட்டிற் பதித்து விற்கத் தொடங்கிய காலந்தொட்டே அவ்வினா இருந்து வருகிறது. இன்று ஹெட்போன்களைப் பற்றியும் ஒலிபெருக்கிகளைப் பற்றியும் அவற்றை இணைக்கும் கம்பிகளைப் பற்றியுங்கூட ஒலி ஆர்வலர் ஓயாது வாதிட்டு வருகின்றனர். ஒரு சாரார், "எமது செவியே இறுதி நீதிபதி, அளவுகோல்கள் இசையை அறியா" என்பர். மறு சாரார், "அளந்து காட்ட முடியாதது ஒலியில் இல்லை, நீர் கேட்டதாகச் சொல்வது மனமயக்கம்" என்பர். பொருள் படைத்தோர் பொழுதுபோக்காக நடத்தும் பூசல்தானே, இதில் நமக்கென்ன என்று வாசகர் எண்ணக்கூடும். நாமும் முன்னர் அவ்வாறே எண்ணியதுண்டு. ஆயின், இப்பூசலின் வரலாற்றைச் சற்று நுணுகி நோக்குமிடத்து, உண்மையை அறியும் வழி எது, அதைச் சொல்லும் உரிமை யாருக்குண்டு, அவ்வுரிமையை விலைப்பொருளாக்கியோர் யாவர் என்ற பெரிய வினாக்கள் அதனுட் பொதிந்திருப்பதைக் காண்கிறோம். அவ்வினாக்கள் இசைக்கு மாத்திரம் உரியனவல்ல.

முதலில் அமெரிக்காவுக்குச் செல்வோம். தோமஸ் அல்வா எடிசன் 1877ஆம் ஆண்டில் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தார். நெடுங்காலம் உருளைகளிலேயே ஒலியைப் பதித்து விற்ற அவரது கம்பனி, தட்டுகளை விற்ற போட்டிக் கம்பனிகளை எதிர்கொள்ள வேண்டி, 1912ஆம் ஆண்டளவில் வைரமுனை ஊசியால் இயங்கும் புதிய தட்டை வெளியிட்டது. அத்தட்டின் பெருமையை நிலைநாட்ட 1915 முதல் 1925 வரை நாடெங்கும் நடத்தப்பட்டவையே 'ஒலிச் சோதனை'கள். மேடையில் ஒரு பாடகி நிற்பார். அருகே கருவி இருக்கும். கருவியோடு சேர்ந்து பாடும் பாடகி இடையிலே வாயை மூடிக்கொள்வார்; பாட்டோ நில்லாது தொடரும். சில வேளைகளில் மண்டபத்தின் விளக்குகள் அணைக்கப்படும். அவை மீண்டும் ஏற்றப்படும்போது பாடகியைக் காணோம், பாடிக்கொண்டிருப்பது கருவியே என்பதைக் கண்டு மக்கள் வியப்பர். 1916ஆம் ஆண்டு நியூயோர்க்கின் கார்னகி மண்டபத்திற்கூட இத்தகைய நிகழ்ச்சி நடந்தது. மக்கள் கேட்டது இன்று நமக்கு இரைச்சலும் தகர ஓசையும் நிறைந்ததாகத் தோன்றும் பதிவையே. ஆயினும், உயிருள்ள குரலுக்கும் இதற்கும் வேறுபாடில்லை என அன்றைய பத்திரிகைகள் எழுதின.

இஃது எவ்வாறு இயன்றது? அன்னா கேஸ் என்னும் பாடகி இச்சோதனைகளிற் புகழ்பெற்றவர். பல்லாண்டுகள் கழிந்து, 1972ஆம் ஆண்டில், தாம் கருவியின் குரலுக்கு ஒத்தவாறு தமது குரலை அமைத்துக்கொண்டே பாடியதாக அவர் ஒப்புக்கொண்டார். கருவி மனிதக் குரலைப் போலித்ததன்று; மனிதக் குரலே கருவியைப் போலித்தது. கம்பனியிடம் ஊதியம் பெற்ற கலைஞர் கம்பனியின் சரக்குக்குத் தக்கவாறு தம்மைக் குறுக்கிக்கொண்டார் என்பதே இதன் பொருள். 'சோதனை' என்ற பெயர் விஞ்ஞானத்திடமிருந்து கடன் வாங்கப்பட்டது; நடந்ததோ விளம்பரம். கருவியை விற்பவனே சோதனையை அமைத்தான், பாடகியைத் தெரிந்தான், தீர்ப்பையும் அச்சிட்டான். தட்டுக்குரிய பாடகரைத் தெரிந்தெடுத்த எடிசனே இளமைதொட்டுச் செவிப்புலன் குன்றியவர். கருவியின் மரப்பகுதியைப் பல்லாற் கடித்து அதன் அதிர்வை எலும்பினூடாக உணர்ந்தவர். அவரது குறையை நாம் எள்ளவில்லை. ஒரு தனிமனிதரின் விருப்பு வெறுப்பு ஒரு கம்பனியின் பலத்தால் 'உண்மை ஒலி' என்ற பெயரோடு சந்தைக்கு வர முடிந்தது என்பதே நாம் மனங்கொள்ளத்தக்கது.

இவ்விடத்தில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். எடிசனின் தட்டு வேறு இரசாயனப் பொருளால் ஆனது. ஆயின் உலகின் ஏனைய இசைத்தட்டுகளிற் பெரும்பாலானவை, 1940களின் இறுதிவரை, அரக்கைக் கொண்டே செய்யப்பட்டன. பலாசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் வாழும் சிறு பூச்சி கக்கும் பிசினே அரக்கு. இந்தியாவே அதன் முதன்மையான விளைநிலம். அங்கும் சோட்டா நாகபுரிக் காடுகளில் வாழ்ந்த ஆதிவாசி மக்களே அதனைச் சேகரித்தனர். அவர்கள் சேகரித்த அரக்கு வியாபாரிகள் கைமாறிக் கல்கத்தாத் துறைமுகம் சென்று, அங்கிருந்து ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் அடைந்து, கற்றூளோடு கலந்து தட்டாகியது. இரண்டாம் உலகப் போர் மூண்டு கப்பற் போக்குவரத்துத் தடைப்பட்டபோது, 1942ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இசைத்தட்டுகளுக்கு அரக்கைப் பயன்படுத்துவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. பழைய தட்டைக் கொடுத்தே புதியதை வாங்கவேண்டிய நிலை பல கடைகளில் ஏற்பட்டது. ஒலியின் தூய்மையைப் பற்றி அன்று எழுதப்பட்ட எத்தனையோ பக்கங்களில், அந்த ஒலியைத் தாங்கிய பொருளைக் காட்டிற் பொறுக்கியெடுத்த கைகளைப் பற்றிய சொல் அரிது. சரக்கின் பளபளப்பில் உழைப்பு மறைந்து போவது இன்றைய ஹெட்போனுக்கு மட்டும் உரிய கதையன்று.

1923ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நாவலாசிரியர் கொம்ப்டன் மக்கன்சி 'கிராமபோன்' என்ற சஞ்சிகையைத் தொடங்கினார். ஒலி ஆர்வலர் தம்முள் வாதிட ஒரு நிலையான களம் அதனாற் கிடைத்தது. உருக்கு ஊசி சிறந்ததா, மூங்கில் நாரால் ஆன ஊசி சிறந்ததா என்பது அக்காலத்துப் பெருவாதங்களுள் ஒன்று. 1925ஆம் ஆண்டில் நுண்ணொலிவாங்கியையும் மின்பெருக்கியையும் பயன்படுத்தும் மின்பதிவு முறை வந்தது. அதுவரை கலைஞர் ஒரு பெரிய கூம்பினுள்ளே கத்திப் பாடவேண்டியிருந்தது; புதிய முறையில் மெல்லிய ஓசையும் உயர்ந்த ஓசையும் தாழ்ந்த ஓசையும் முன்னெப்போதும் இல்லாதவாறு பதிவாயின. அளவுகோலின்படி இது சந்தேகத்துக்கிடமற்ற முன்னேற்றம். ஆயினும் மக்கன்சி அதனை முதலில் எதிர்த்தார்; கரகரப்பென்றும் செயற்கையென்றும் கருதினார். பழகிய ஒலியே இயற்கையாகத் தோன்றுவதும், புதியது செயற்கையாகத் தோன்றுவதும் மனித இயல்பு. செவி வெறும் உறுப்பன்று. பழக்கத்தாலும் காலத்தாலும் சூழலாலும் உருவாக்கப்படுவது. இலக்கியத்தில் மரபுக்கும் புதுமைக்கும் இடையே நடந்த போர்களை அறிந்த நம் வாசகருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வரலாற்றில் நமக்கு மிகவும் பயன்தரும் நிகழ்ச்சி 1940களில் நிகழ்ந்தது. 1945ஆம் ஆண்டில் அமெரிக்க வானொலி நிறுவனமான சீ.பீ.எஸ். சார்பில் சின், ஐசன்பேர்க் என்னும் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒலிபரப்பைக் கேட்போர் முழு மீடிறன் வீச்சும் கொண்ட ஒலியைவிடக் குறுகிய வீச்சுள்ள ஒலியையே விரும்பினர் என்பது அதன் முடிவு. மக்களுக்கு நல்ல ஒலி வேண்டியதில்லை என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளுதல் எவ்வளவு எளிது! ஆர்.சீ.ஏ. ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஹரி ஒல்சன் 1947ஆம் ஆண்டில் இதற்கு விடையாக ஒரு பரிசோதனையை அமைத்தார். ஓர் அறையில் வாத்தியக் குழுவினர் நேரடியாக வாசித்தனர். கேட்போருக்கும் அவர்களுக்கும் இடையே பார்வையை மறைக்கும் மெல்லிய திரை. திரைக்குப் பின்னால், செக்கனுக்கு 5,000 அதிர்வுக்கு மேற்பட்ட ஒலிகளைத் தடுக்கும் சட்டங்கள். அச்சட்டங்களைத் திறந்தும் மூடியும், எது நன்று என்று கேட்டார். பெரும்பான்மையோர் தடையற்ற முழு ஒலியையே தெரிந்தெடுத்தனர்.

இரண்டு ஆய்வுகளும் பொய்யல்ல. பின் முரண்பாடு எங்கே? முன்னைய ஆய்வில் மக்கள் கேட்டது கருவியினூடாக வந்த ஒலியை. அக்காலக் கருவிகளில் உயர் மீடிறனைத் திறந்துவிட்டால் இசையோடு திரிபும் இரைச்சலும் சேர்ந்தே வரும். மக்கள் ஒதுக்கியது இசையை அன்று. இசையோடு கலந்து வந்த குப்பையை என்று கொள்வதே பொருத்தம். திரிபு நீங்கிய நேரடி இசை கிடைத்தபோது அவர்கள் முழுமையையே விரும்பினர். மலிவான கதைகளையும் படங்களையும் விற்போர், "மக்கள் கேட்பதைத்தான் கொடுக்கிறோம்" என்று சொல்லும்போதெல்லாம் ஒல்சனின் திரையை நாம் நினைவுகூர வேண்டும். மக்களுக்கு முன்னால் வைக்கப்பட்டவை எவை என்று கேளாது, மக்களின் இரசனையைப் பற்றித் தீர்ப்புக் கூறுதல் தகாது.

போருக்குப் பின் ஒலித்துறை பெருவளர்ச்சி கண்டது. இவ்வளர்ச்சியின் வேர்களிற் சில போர்க்களத்திலேயே இருந்தன. பிரித்தானிய நீர்மூழ்கியின் ஓசையையும் ஜேர்மன் நீர்மூழ்கியின் ஓசையையும் பிரித்தறியப் படையினரைப் பயிற்றுதற்காக டெக்கா கம்பனி உருவாக்கிய நுண்பதிவு முறையே போர் முடிந்ததும் இசைத்தட்டு வாங்குவோருக்குப் புதுமையாக விற்கப்பட்டது. 1948ஆம் ஆண்டில் வினைலால் ஆன நீண்டநேரத் தட்டு வந்தது. இங்கிலாந்தின் பிரிக்ஸ் என்னும் ஒலிபெருக்கி உற்பத்தியாளர் 1954இல் இலண்டன் றோயல் பெஸ்டிவல் மண்டபத்திலும், 1955இல் நியூயோர்க் கார்னகி மண்டபத்திலும் நேரடி வாசிப்பையும் பதிவையும் மாறி மாறிக் கேட்பித்தார். எடிசனின் மேடை மீண்டும் அரங்கேறியது. கருவிகள் மாத்திரம் பெரிதும் மேம்பட்டிருந்தன.

ஹெட்போனின் கதை சற்று வேறானது. அது முதலில் உழைப்பின் கருவி. தொலைபேசி நிலையங்களில் நாள் முழுவதும் இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்த பெண்களின் தலைமீதும், கப்பல்களில் கம்பியில்லாத் தந்தி கேட்டிருந்தோரின் தலைமீதுமே அது முதலில் ஏறியது. அமெரிக்காவின் யூற்றா மாநிலத்தைச் சேர்ந்த நதானியேல் போல்ட்வின் 1910ஆம் ஆண்டளவில் தமது வீட்டுச் சமையலறையிற் செய்த ஹெட்போன்களை வாங்கியது அந்நாட்டுக் கடற்படை. இசையை இன்பமாகக் கேட்பதற்கென்றே ஸ்டீரியோ ஹெட்போனை ஜோன் கொஸ் என்பவர் மில்வோக்கி நகரில் 1958ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தினார். 1979இல் ஜப்பானின் சோனி நிறுவனம் 'வோக்மன்' கருவியை வெளியிட்டபோது இசை வீதிக்கு வந்தது. அதன் முதல் மாதிரியில் இருவர் சேர்ந்து கேட்பதற்காக இரண்டு துளைகள் இருந்தன. தனியே கேட்பதே வழக்கமாகிவிடவே, காலப்போக்கில் இரண்டாவது துளை மறைந்தது. சபையிற் கூடிக் கேட்ட இசை, குடும்பம் கூடிக் கேட்ட இசையாகி, ஈற்றில் தனியொருவர் காதினுள் ஒடுங்கிய இசையாயிற்று. இதனை முற்றாகப் பழிப்பதற்கில்லை. நெருக்கமான வீட்டில் வாழும் ஏழைத் தொழிலாளிக்கு ஹெட்போன் தரும் தனிமை சிறு விடுதலையே.

ஆர்வலர் வாதம் இரு கட்சியாகக் கூர்மையடைந்தது 1960களிலும் 1970களிலுமே. ஸ்டீரியோபைல் 1962ஆம் ஆண்டிலும், அப்சலூட் சவுண்ட் 1973ஆம் ஆண்டிலும் தோன்றின. அளவுப் பட்டியல்களை அச்சிட்டு அமைந்த சஞ்சிகைகளுக்கு மாறாக, கேட்டுணர்ந்து எழுதுவதை இவை முன்வைத்தன. இவர்கள் எழுப்பிய குரலில் நியாயம் இல்லாமலில்லை. 1960களில் வந்த முதல் டிரான்சிஸ்டர் பெருக்கிகள் சில, முழு ஆற்றலில் அளந்தபோது திரிபு மிகக் குறைந்தனவாகக் காட்டின; மெல்லிய ஒலியிலோ செவியைக் குத்தின. செவி முறையிட்டது, பின்னரே பொறியியலாளர் மெல்லிய ஒலியில் எழும் திரிபைத் தனியே அளக்கக் கற்றனர். ஆகவே செவி கேள்வி கேட்கும் உரிமை உடையது. அளவுகோல் எதை அளக்கிறது என்பதை மறந்தோருக்கு அது நல்ல பாடம்.

ஆயின் கேள்வி கேட்பது வேறு. தானே தீர்ப்பும் கூறுவது வேறு. செவியை மட்டும் நம்புவோர் பெரும்பாலும் கண்ணையும் நம்பினர், விலைச்சீட்டையும் நம்பினர். இதனைத் தவிர்க்கும் வழி எளியது: எது எதுவென்று அறியாது கேட்பித்தல். பெல் ஆய்வுகூடத்தினர் 1950ஆம் ஆண்டிலேயே இத்தகைய முறையொன்றை எடுத்துரைத்தனர். 1982ஆம் ஆண்டில் டேவிட் கிளார்க் அதற்கான கருவியை விளக்கினார். கேட்பவரும் அறியார், கேட்பிப்பவரும் அறியார். 1994ஆம் ஆண்டில் டூல், ஒலிவ் என்னும் இரு ஆய்வாளர் ஒலிபெருக்கிகளை மறைத்தும் காட்டியும் ஒப்பிட்டனர். கேட்டோர் அவர்களது நிறுவனத்தைச் சேர்ந்தவர்களே. கண்ணாற் கண்டபோது மதிப்பெண்கள் மாறின. செவிக்கு வந்த ஒலியின் வேறுபாடுகளைக்கூடத் தோற்றம் மறைத்துவிட்டது. 2007இல் மேயர், மோரன் என்போர் உயர்தர ஒலித்தட்டையும், அதே ஒலியைச் சாதாரண சீ.டீ. தரத்துக்கு இறக்கியதையும் 554 முறை ஒப்பிட வைத்தனர்; சரியான விடைகள் 276. நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் இவ்வளவே கிடைத்திருக்கும். நேர்மையின் பொருட்டு மறுபக்கத்தையும் கூறவேண்டும்: 2016ஆம் ஆண்டில் ஜோசுவா றைஸ், 18 பரிசோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்து, சரியான விடைகள் 52.3 வீதம் எனக் கண்டார். வேறுபாடு முற்றாக இல்லையென்பதற்கில்லை. ஆயின் அது நூலிழையளவே.

விலையைப் பற்றியும் ஓர் ஆய்வுண்டு. 2017ஆம் ஆண்டில் பிறீபாட் என்பவர் 283 ஹெட்போன்களின் மீடிறன் நடத்தையை அளந்து, அவற்றின் விலைக்கும் அந்நடத்தைக்கும் தொடர்பு காணப்படவில்லை என அறிவித்தார். அதற்கு முன்பே, 2003ஆம் ஆண்டில், ஒலிவ் வெளியிட்ட ஆய்வு நமக்கு மேலும் முக்கியமானது. பயிற்சி பெற்ற கேட்போரும் பயிற்சியற்ற சாதாரண மக்களும் மறைந்திருந்த ஒலிபெருக்கிகளைக் கேட்டனர். பயிற்சி பெற்றோரின் தீர்ப்பு உறுதி மிக்கதாயும் நுணுக்கம் மிக்கதாயும் இருந்தது. ஆனால் இரு சாராரும் எதை முதலிற் கொண்டனர், எதை இறுதியிற் கொண்டனர் என்று பார்த்தால், வரிசை ஒன்றே! 'பொற்செவி' என்ற பிறப்புரிமை சிலருக்கே உண்டு என்ற நம்பிக்கை இங்கே ஆட்டங்காண்கிறது. பயிற்சி செவியைக் கூர்மையாக்கும். ஆயின் நல்லதை நாடும் இயல்பு பொதுமக்களின் சொத்து.

அண்மையில் நிகழ்ந்த ஒன்றையும் குறிப்பிடுவோம். மொபைல் பிடெலிற்றி என்னும் அமெரிக்க நிறுவனம், மூல நாடாவிலிருந்து உருவாக்கும் வினைல் தட்டுகளை உயர் விலைக்கு விற்றுப் புகழ்பெற்றது. இலக்கமுறை ஒலியில் உயிரில்லை என்றும், அதன் கலப்பைத் தம் செவி உடனே காட்டிக்கொடுக்கும் என்றும் நம்பியோர் அத்தட்டுகளைப் போற்றினர். 2022ஆம் ஆண்டில், 2011 முதலே அவற்றிற் பல இலக்கமுறைப் பிரதியொன்றின் வழியாகவே உருவாக்கப்பட்டன என்பது வெளியாயிற்று. வழக்கும் தொடரப்பட்டது. வாங்கியோரின் சினம் நியாயமானதே. நிறுவனம் மறைத்தது தவறே. ஆயின் அவர்கள் தம்மைத் தாமே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: பதினோராண்டு காலம் எம் செவி ஏன் மௌனமாயிருந்தது?

நாம் கற்பிக்கும் வகுப்பிலும் இவ்வாதம் ஒருநாள் மூண்டது. வெளிநாட்டு மாமன் அனுப்பிய ஹெட்போனைப் பற்றி ஒரு மாணவன் பெருமை பேச, சந்தையில் வாங்கிய மலிவான ஒன்றை வைத்திருந்த மற்றவன் தலைகுனிந்தான். அக்குனிவே நம்மை உறுத்தியது. மறுநாள் ஒரு சிறிய ஒலிபெருக்கியைக் கொண்டு சென்று, ஒரே பாடலை ஒரே கருவியில் இருமுறை கேட்பித்தோம். இரண்டாம் முறை ஒலியைச் சிறிதே உயர்த்தினோம். இவற்றுள் ஒன்று விலையுயர்ந்த பதிவு, எது என்று கேட்டோம். ஏறக்குறைய வகுப்பு முழுவதும் இரண்டாவதற்கே கை உயர்த்தியது. அது தெளிவாக இருக்கிறது என்றனர், ஆழமாக இருக்கிறது என்றனர். உண்மையைக் கூறியதும் பெரும் சிரிப்பு எழுந்தது. ஒரு மாணவி மட்டும் சிரியாமல் எழுந்து, "அப்படியென்றால் சேர், எங்கட காது பொய் சொல்லிற்றா?" என்று கேட்டாள். இல்லை, செவி பொய் சொல்லவில்லை. ஒலி உயர்ந்ததை அது சரியாகவே உணர்ந்தது. அதற்கு 'விலையுயர்ந்தது' என்று நாம் இட்ட பெயர்தான் பொய் என்று விடை கூறினோம்.

செவியை நிந்திப்பதும் நமது நோக்கமன்று. அளவுகோலைத் தெய்வமாக்குவதும் நமது நோக்கமன்று. அனுபவம் வினாவை எழுப்புக; பரிசோதனை விடை கூறுக; விற்பவனின் கை இரண்டுக்கும் இடையே நுழையாதிருக்குக. இசைக்கு மட்டுமன்றி, மருந்துக்கும் விதைக்கும் பாடநூலுக்கும் அரசியல்வாதியின் வாக்குறுதிக்கும் இதே விதி பொருந்தும்.

இறுதியாக, ஆசிரியர்களான நமக்கு இதைவிட அவசரமான கடமை ஒன்றுண்டு. 12 வயதுக்கும் 35 வயதுக்கும் இடைப்பட்ட நூறு கோடிக்கு மேற்பட்ட இளைஞர், பாதுகாப்பற்ற அளவில் உரத்த ஒலியைக் கேட்பதாற் செவிப்புலனை இழக்கும் அபாயத்தில் உள்ளனர் என உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டில் எச்சரித்தது. எந்த ஹெட்போன் சிறந்தது என்று வாதிடும் செவியே தேய்ந்து கொண்டிருக்கிறது. உட்செவியின் நுண்மயிர்க் கலங்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. எவ்விலை கொடுத்தும் அவற்றை வாங்க இயலாது. மலிவான ஹெட்போனுக்காகத் தலைகுனிந்த அம்மாணவனுக்கும், பெருமை பேசிய மாணவனுக்கும் இயற்கை கொடுத்திருப்பது ஒரே தரமான செவியே. அதனைக் காத்துக்கொள்ளவும், அதைக் கொண்டு தாமே சோதித்து உண்மையை அறியவும் அவ்விருவருக்கும் நாம் கற்பிப்போமாக.